ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கும்போது எத்தனை டிஜிட்டல் இன்புட் இருந்தால் போதும்?

டிவி, டிஷ் பெட்டி, ப்ளூரே பிளேயர், கேம் கொன்சோல், ஒரு பழைய சீடி பிளேயர். இவ்வளவையும் ஒரே ரிசீவரில் (எல்லாச் சாமானின் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) கொழுவ வேண்டும், எத்தனை டிஜிட்டல் இன்புட் தேவை, பழைய ஜப்பான் ரிசீவர் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கு இது: எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில்) 4, ஒப்டிகல் (சத்தம் மட்டும், வெளிச்சமாக) 2, கோஎக்சியல் (சத்தம் மட்டும், செம்பு வயரில்) 1. ஒப்டிகல், கோஎக்சியல் மூன்றையும் "அதெல்லாம் பழைய காலத்துச் சாமான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. முதல் ரிசீவர் வாங்கும்போது எனக்கும் உங்கள் கேள்விதான். பக்கத்துக் காத்தான்குடியில் கடை வைத்திருந்த காக்கா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) விலையைப் பற்றிப் பேசவேயில்லை. "தம்பி, உங்கட வீட்டுச் சாமான் என்னென்ன, ஒவ்வொண்டுக்கும் பின்னால என்ன ஓட்டை இருக்கு, எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் ஆசைப்பட்டிருந்த 7.2 செட் (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர்) தேவையே இல்லை என்று. பன்னிரண்டடி அறைக்கு ஏழு ஸ்பீக்கர் எதற்கு? ஒரு சிக்கல் என்னவென்றால், கம்பெனிகள் இன்புட்டையும் சனலையும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் தனி வழி) சேர்த்தே கூட்டுகின்றன. ஓட்டை கூட வேண்டுமென்றால் மேல் மொடலுக்குப் போக வேண்டும், அங்கே வேண்டாத சனலுக்கும் காசு கொடுக்க வேண்டும். நான் எடுத்தது 5.1தான், எச்டிஎம்ஐ மூன்று, ஒப்டிகல் இரண்டு, கோஎக்சியல் ஒன்று.

ஒரு ஐப்பசி மாதப் பின்னேரம் இடி முழங்கியது. நான் பிளக்கைக் கழற்றினேன், டிஷ் வயரை மறந்துபோனேன். மின்னல் அந்த வயர் வழியாகப் பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குள் போயிருக்கிறது. பெட்டி செத்தது. ரிசீவரில் லைட் எரிந்தது, ரேடியோ பாடியது, மூன்று எச்டிஎம்ஐயும் ஊமை. திருத்துபவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு இருக்கிற சர்க்கிட் போர்ட் போயிட்டு தம்பி. புது சர்க்கிட் போர்ட் வாங்குற காசுக்கு வேற செட்டே எடுக்கலாம். இப்போதைக்கு ஒப்டிகல்ல போட்டுக் கேளுங்க, மறுகா பாப்பம்" என்றார். அந்த "மறுகா" (பிறகு) நான்கு வருடம் நீண்டது. பிளேயர், கொன்சோல், புதுப் பெட்டி மூன்றின் எச்டிஎம்ஐயையும் டிவியில் குத்தினேன். டிவியின் ஒப்டிகலிலிருந்து ரிசீவருக்கு ஒரு வயர், பிளேயரின் ஒப்டிகலிலிருந்து இன்னொன்று, சீடி பிளேயருக்குக் கோஎக்சியல். அவ்வளவுதான். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள செட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும்.

ஒப்டிகல் வயருக்குள் ஓடுவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. அதனால் ஸ்பீக்கரில் கேட்கும் அந்த "ம்ம்ம்" இரைச்சல் அதன் வழியாக வராது. தோஷிபா இதைக் கொண்டுவந்தது 1983இல், சீடிக்காக. அதனால் எல்லையும் உண்டு. சுருக்கிய சரவுண்ட் சத்தங்களான டொல்பி டிஜிட்டல், சாதாரண டிடிஎஸ் 5.1 வரை போகும். ப்ளூரேயில் உள்ள, தரம் குறையாத சத்த வகைகளான டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஒடியோ அதில் போகாது. கோஎக்சியலும் அப்படித்தான். அவற்றைக் கேட்க வேண்டுமென்றால் எச்டிஎம்ஐதான் வழி. என் காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. மச்சானுக்கு அது உயிர்ப் பிரச்சினை, வந்தால் அதைப் பற்றியே பேசுவான்.

சரி, கடையில் பிடித்த செட்டில் எச்டிஎம்ஐ குறைவாக இருந்தால்? மனம் தளர வேண்டாம், டிவியே பல சாமானைக் கொழுவும் ஒரு பெட்டிதான். சாமான்களை டிவியில் குத்திவிட்டு, ஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஓட்டை வழியாகச் சத்தத்தை மட்டும் ரிசீவருக்குத் திருப்பலாம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முதல் இந்த வசதி உண்டு. ட்ரூஎச்டி மாதிரி உயர்தரச் சத்தம் தரம் குறையாமல் திரும்பி வர அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும், அது 2017இன் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்தது, டிவி, ரிசீவர் இரண்டிலும் இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி: எல்லா டிவியும் டிடிஎஸ்ஸைக் கடத்தாது. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் அதை விட்டுவிட்டது. ஆகவே ப்ளூரே பிளேயரை மட்டும் நேராக ரிசீவரில் குத்துங்கள், மற்றவை டிவியில் இருக்கட்டும். ஒப்டிகல் போதாவிட்டால் மூன்றை ஒன்றாக்கும் சின்ன செலக்டர் கிடைக்கிறது. வேலை செய்யும், ஆனால் மேசையில் இன்னொரு ரிமோட்.

இனி ஜப்பான் செட், அதாவது அந்த நாட்டுக்கென்றே செய்து இங்கே பழையதாக வரும் ரிசீவர். பின்பக்கத்தைப் பார்த்தால் ஆசை வரும், ஒப்டிகல் மட்டும் நாலைந்து இருக்கும். ஆனால் அது 100 வோல்ட். நம் 230இல் நேரே குத்தினால் கதை முடிந்தது, அதன் வாட்டுக்குத் தாங்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் தனியாக வாங்க வேண்டும். பழைய செட்டின் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம் எஃப்எம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. எச்டிஎம்ஐ வந்த ஆரம்ப வருடங்களின் மலிவு மொடல்களில் இன்னொரு வில்லங்கம்: படத்தை மட்டும் கடத்தும், சத்தத்தை எடுக்காது. பெட்டியில் எச்டிஎம்ஐ என்று எழுதியிருப்பதை நம்பிக் காசு கொடுக்காமல், கடையிலேயே ஒரு பிளேயரைக் குத்திச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒப்டிகலையும் சோதியுங்கள். மூடி உடைந்து தூசி போயிருக்கும், கடலோரத்து வீட்டுச் சாமான் என்றால் கோஎக்சியல் ஓட்டையில் பச்சை பிடித்திருக்கும்.

ஒப்டிகல் குத்தியும் சத்தம் வராவிட்டால் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டாம். சில செட்டுகளில் "ஒப்டிகல் 1" சீடிக்கென்று ஒதுக்கியிருக்கும், செட்அப் மெனுவில் போய் டிவிக்கு மாற்ற வேண்டும். நான் இதற்காகவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

உங்கள் டிவியின் பின்பக்கப் படம் ஒன்று போடுங்கள், எந்த வயரை எதில் குத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.