புதிதாக உறைந்த ஏரியில் பான்ஃபிஷ் எங்கே இருக்கும்?

பொரிக்கும் சட்டியில் முழுசாக அடங்கும் சின்ன மீன்களை அமெரிக்காவில் பான்ஃபிஷ் என்பார்கள்: புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச். மினசோட்டா ஏரிகள் உறைந்த புதிதில் இவற்றைக் கரையோரப் பச்சை நீர்ச்செடிகளுக்குள் தேடுங்கள். காரணம் ஆக்சிஜன். மெல்லிய பனிக்கட்டி வழியே வெளிச்சம் இறங்கும்வரை செடி அதைத் தரும், இரையும் அங்கேதான். மேலே பனி குவிந்து செடி அழுகத் தொடங்கினால், கூட்டம் ஆழத்துக்கு நகரும். கரண்ட் போன கல்யாண மண்டபத்தில் சனம் ஜன்னலோரம் ஒதுங்குவதுபோல. அதனால் செடிகள் முடிந்து தரை சரியும் விளிம்புக்கு மேலே பனிக்கட்டியில் வரிசையாகத் துளை போட்டுத் தூண்டிலை இறக்குங்கள் (பனிக்கட்டி 4 அங்குலத் தடிமனாவது இருக்கட்டும்). பத்து நிமிடம் தூண்டில் அசையாவிட்டால் அடுத்த துளை.

ஆழத்தில் மீன் தரையை ஒட்டியே இருக்கும் என்பார்கள். அடித்தண்ணீரில் குளிர் குறைவுதான், ஆனால் ஆக்சிஜன் முதலில் தீர்வதும் அங்கேதான்; கிராப்பி பல நேரம் நடுத்தண்ணீரில்தான் நிற்கும்.