கனமான ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயர் மாற்றும்போது: கேள்வி-பதில்

கேள்வி: ஏழு பேர் உட்காரும் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த டயரில் 265/65 ஆர் 17, 112 டி என்று இருக்கிறது. கடைக்காரர் அதே அளவில், விலை நன்றாகக் குறைந்த ஒரு டயரைக் காட்டுகிறார். அதில் கடைசியில் 110 எஸ் என்று போட்டிருக்கிறது. "அளவு ஒன்றுதானே, தாராளமாகப் போடலாம்" என்கிறார். கதவு ஓர ஸ்டிக்கரில் பின் அச்சுக்கு 1,900 கிலோ என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அளவு ஒன்றுதான், ஆனால் தாங்கும் எடை ஒன்றில்லை. 112 என்பது பாரக் குறியீடு. சரியான காற்று இருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். 110 என்றால் 1,060 கிலோ. டயருக்கு அறுபது கிலோ குறைகிறது.

பின் அச்சுக்கு 1,900 கிலோ என்றால் ஒரு டயருக்கு 950 கிலோ. இரண்டு டயருமே போதும்போலத்தான் தெரியும். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ஆனால் உங்களுடையதைப் போன்ற கார் வகை டயரை இப்படிப்பட்ட பல்பயன் வண்டிக்கோ பிக்கப்புக்கோ போடும்போது, அதன் பாரத் திறனை 1.1 ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. இந்த வண்டிகள் படும் பாட்டுக்காக அவ்வளவைக் கழித்துக்கொள்கிறார்கள். உங்கள் நாட்டில் அந்த விதி இல்லாவிட்டாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 112 டயர் 1,018 கிலோவுக்கு இறங்குகிறது, 110 டயர் 964 கிலோவுக்கு. பின் அச்சு நிரம்பியிருக்கும்போது மிச்சம் வெறும் பதினான்கு கிலோ. ஒரு பள்ளம் போதும்.

எடை எங்கிருந்து ஏறுகிறது என்பதையும் பாருங்கள். முன் கம்பி, வின்ச், கூரை மேல் கேரியர், கூடுதல் டீசல் டேங்க் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம், ஸ்டிக்கர் மட்டும் பழையபடியே இருக்கிறது. டிரெய்லர் மாட்டினால் இன்னும் மோசம். கொக்கியில் இறங்கும் எடை பின் அச்சுக்கு வெளியே தொங்குவதால், நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கி, தன் எடையைவிட அதிகமாகப் பின் டயர்களை அழுத்தும். ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் ஏற்றிய நிலையில் ஒருமுறை எடை மேடைக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். டயர் வாங்கும் முன் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான். கடைசி எழுத்து வேக வரம்பு: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. அந்த வேகத்தில் யார் போகப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எண்ணும் சரி, எழுத்தும் சரி, வண்டி தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எல்டி என்று எழுதிய டயர்தான் பலம், கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடு என்கிறார் நண்பர். சரியா?

கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள். எல்டி என்பது லைட் டிரக் வகை. பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், கல்லும் முள்ளும் அவ்வளவு சீக்கிரம் கிழிக்காது. உங்கள் அளவிலேயே 120/117 என்று இரண்டு எண்களோடு கிடைக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. 120 என்றால் 1,400 கிலோ.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில். அந்த 1,400 கிலோ, 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான். 'லோட் ரேஞ்ச் இ' என்ற பார வகுப்பைச் சேர்ந்த டயரின் கணக்கு அது. கதவு ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு வண்டியோடு வந்த கார் வகை டயருக்கு எழுதியது. அதே 33, 35 பிஎஸ்ஐ காற்றை எல்டி டயருக்கு அடித்தால், பழைய டயர் அந்தக் காற்றில் தாங்கிய எடையைக்கூட இது தாங்காது. அதிகப் பணம் கொடுத்துப் பலத்தைக் குறைத்துக்கொண்டதாக ஆகும். அதற்காக 80 அடிக்கவும் வேண்டாம், வண்டி குதிக்கும், ஈரத்தில் பிடிப்பும் போகும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை டயர் நிறுவனங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, உங்கள் அச்சு எடைக்குப் பொருந்தும் அளவை வையுங்கள். ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்றும் கேளுங்கள். காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு பழைய அளவுக்கே அமைந்திருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் தார்ச்சாலைதான், எப்போதாவது மண் பாதை என்றால் எல்டி தேவையே இல்லை. போதுமான பாரக் குறியீடு உள்ள சாதாரண ஹைவே டயரோ மென்மையான ஆல் டெரெய்ன் (தார், மண் இரண்டுக்கும் பொதுவான) டயரோ போதும்.

கேள்வி: காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் குலுங்காமல் போகிறது. நான்கைந்து பிஎஸ்ஐயில் என்ன வந்துவிடும்?

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் இருந்தவை. ஓடும்போதே பட்டன் பகுதி, அதாவது சாலையில் படும் மேல் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்பு பெல்ட்டோடு உரிந்து வந்து, உயரமான அந்த வண்டிகள் புரண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் தயாரிப்பிலேயே கோளாறு இருந்தது. கூடவே, அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்று 26 பிஎஸ்ஐ. ஃபயர்ஸ்டோன் பிறகு 30 வைக்கச் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் பெரிதாகச் சண்டை போட்டுக்கொண்டதில் இந்த நான்கு பிஎஸ்ஐயும் ஒன்று. அமெரிக்காவில் புதிய வண்டிகளுக்குக் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானதும் இந்த விவகாரத்துக்கு அப்புறம்தான்.

காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிரும். மடிப்பு கூடக்கூடச் சூடு கூடும், பெல்ட்டின் ஓரத்தில்தான் ரப்பர் முதலில் விட ஆரம்பிக்கும். கனமான வண்டி, வெயில், நெடுஞ்சாலை வேகம் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மணலில் போக 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது வேறு விஷயம். அங்கே மெதுவாகப் போகிறோம், தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்பிவிடுகிறோம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் பாருங்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, நீங்கள் வைக்க வேண்டிய அளவு அல்ல.

கேள்வி: கடையில் "புத்தம் புதுசு" என்று காட்டிய டயர் சில வருடங்களாக அங்கேயே கிடந்ததோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். முழுக் குறியீடு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கலாம், அதனால் மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே தேதியில் இருக்க வேண்டியதில்லை.

ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் வெப்பமும் அதை இறுக வைக்கும். பல வண்டி நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல, பத்து ஆண்டைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. ஓர் ஆண்டுக்குள் தயாரானது என்றால் தயங்காமல் வாங்கலாம். மூன்று ஆண்டு பழையது என்றால் நான் வாங்கமாட்டேன், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். ஸ்டெப்னியின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பட்டன் புதிதுபோல இருக்கும், வயது வண்டியின் வயதாக இருக்கும்.

கேள்வி: இரண்டு டயர்தான் தேய்ந்திருக்கின்றன. இரண்டை மட்டும் மாற்றலாமா?

நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும் வண்டி என்றால் நான்கையும் மாற்றுவதே நல்லது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. ஒரே தூரத்துக்கு அது அதிகமாகச் சுற்றும். அந்த வேறுபாட்டை முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகட்டிச் சூடாகும். அது பழுதானால் ஆகும் செலவில் இரண்டு டயர் மிச்சம் பிடித்தது காணாமல் போகும். எவ்வளவு வேறுபாடு வரை பரவாயில்லை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வண்டியில் இரண்டு மாற்றலாம். புதிய ஜோடி பின்னால் வரட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம்.

கேள்வி: பெரிய டயர், பெரிய பட்டன் போட்டால் கம்பீரமாக இருக்குமே?

இருக்கும். 265/65 க்குப் பதில் 265/70 போட்டால் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும், ஏறத்தாழ 3.4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் இப்போது சரியாகக் காட்டுகிறது என்றால், இனி 100 காட்டும்போது நீங்கள் 103க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்குக்கும் வேலை கூடும், திருப்பும்போது டயர் உரசவும் செய்யலாம். மட் டெரெய்ன் டயர் சேற்றில் ராஜா. ஈரத் தார்ச்சாலையில் அந்தப் பெரிய பட்டன்களில் மெல்லிய கீறல்கள் குறைவு, பிடிப்பும் குறைவு. வாரம் முழுக்கத் தார்ச்சாலையில் ஓட்டுபவருக்கு அது எதற்கு?

கேள்வி: நல்ல நிலையில் உள்ள பழைய டயர்?

கூடாது. உள்ளே என்ன அடிபட்டது என்று வெளியே தெரியாது.

கேள்வி: பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

"டயர் 4" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். மாடல், அளவு, பாரக் குறியீடு, நான்கின் தயாரிப்பு வாரமும் ஆண்டும் பில்லில் வரட்டும். உத்தரவாதம் கேட்கும்போதும், நிறுவனம் ஏதாவது ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும்போதும் முதலில் கேட்பது இவற்றைத்தான். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.