கேஸ் மாத்திரையும் பார்க்கின்சனும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சனுக்கு (நடுக்குவாதம்) லெவோடோபா–கார்பிடோபா 100/25 மூன்று வேளை சாப்பிடுகிறார். வயிற்று உப்புசத்துக்கும் தலைசுற்றலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினோம். இரண்டு மாதமாக நடையே இறுகிவிட்டது. நோய் முற்றிவிட்டதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அதற்கு முன் அந்த இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். ராபெப்ரசோல், பான்டோப்ரசோல் பெயரில் விற்கும் சில கேஸ் மாத்திரைகளில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். மூளையில் டோபமைன் (உடல் அசைவுக்கு வேண்டிய, பார்க்கின்சனில் குறைந்துபோகும் ரசாயனம்) போய்ப் பற்றும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பிறகு லெவோடோபா டோபமைனாக மாறியும் பயனில்லை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசைன் ஆகியவையும் இதே ரகம்தான். பார்க்கின்சன் இல்லாதவருக்கே இவற்றால் நடுக்கம் வருவதுண்டு. "சாதாரண கேஸ் மாத்திரைதானே" என்று இவற்றைக் கேட்டு வாங்குவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது!

நரம்பியல் மருத்துவரிடம் அட்டைகளோடு போங்கள். இவற்றை நிறுத்தினாலும் இறுக்கம் தளர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு லெவோடோபாவைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தலைசுற்றல் எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறதா? படுத்த நிலையிலும், நின்று 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் காரணம் அதுதான். பார்க்கின்சனாலும் லெவோடோபாவாலும் பிரஷர் இறங்கும். பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினோ இருந்தால் இன்னும் இறங்கும். இதற்குத் தலைசுற்றல் மாத்திரை உதவாது.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். முட்டை, பருப்பு, கறியோடு சேர்ந்தால் உடலில் ஏறுவது குறையும். இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

கேள்வி: பார்க்கின்சனுக்கு ரசாகிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். இருமலுக்கு சிரப் வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள சிரப் கூடாது. வலிக்கான டிராமடாலும் பெத்திடினும் அப்படியே. சேர்ந்தால் பதற்றம், வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு என்று சிக்கலாகும். மூக்கடைப்பு மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருந்தால் பிரஷர் எகிறலாம். ரசாகிலினை நிறுத்திய பிறகும் 14 நாள் இந்தத் தடை உண்டு. பல் பிடுங்கப் போனாலும் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.