மறதியா, பராக்கா? கடிதங்களுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மறதியைப் பற்றியவை. போன மாதம் முழங்கால் உளைவு, அதற்கு முந்தைய மாதம் சீனி வருத்தம், இப்போது இது. வழக்கம்போல பாதிப் பேர் வயது எழுதவில்லை, போடுகிற குளிசையின் பெயரும் எழுதவில்லை. எத்தனை தரம் சொல்வது?

மல்லாவி: என் கணவருக்கு 45 வயது. நான் சொல்வது ஒன்றும் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் 1996 உலகக்கிண்ண இறுதி ஆட்டத்தை ஓவர் ஓவராகச் சொல்வார். இது என்ன வருத்தம்?

வருத்தமெல்லாம் இல்லை தங்கச்சி. லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்தபோது இங்கே வன்னியில் கரண்ட் ஏது, பற்றரி ஏது? சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி, ரேடியோ இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்ட காலம் அது. அப்படிக் கேட்டது சாகும்வரை நிற்கும். நீங்கள் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னபோது அவர் போனைத் தடவிக்கொண்டு "ம்" போட்டிருப்பார். உள்ளே போகாததை எப்படி மறக்கிறது? என்னிடம் மறதி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம்தான். அடுத்த முறை போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். அதற்குப் பிறகும் மறந்தால் எழுதுங்கள், பார்ப்போம்.

ஒட்டுசுட்டான், 27: ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் எங்கேயோ போய்விடுகிறேன். வாய் அசைவது தெரிகிறது, ஒன்றும் ஏறுவதில்லை. பகலில் கடையில் வேலை. மூளையில் ஏதும் பிரச்சினையா? (இரவில் யானைக் காவலுக்கும் போகிறேன்.)

விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மூளையைக் கேட்கிறீர்கள். வளர்ந்த ஆளுக்கு ஏழு, எட்டு மணிநேர நித்திரை வேண்டும். உங்களுக்கு நாலு கிடைத்தாலே பெரிய காரியம். அப்படிப்பட்ட மூளை கண் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று செக்கன் உறங்கி எழும்பும். கடையில் அது நடந்தால் மிச்சக் காசு பிழைக்கும், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. காவலை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முறை முடிந்து விடியவே மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள்.

கிளிநொச்சி, 58: நாலைந்து வருடமாக ஒரு சின்ன மஞ்சள் குளிசை போட்டுத்தான் நித்திரை. முதலில் உடம்புக் கடிக்கு என்று தந்தது. வாய் காய்கிறது. இப்போது பெயர்கள் வருவதில்லை, அடுப்பில் வைத்ததும் மறந்துபோகிறது. மறதிக்கு நல்ல டொனிக் ஒன்று சொல்லுங்கள் டொக்டர்.

அம்மா, மஞ்சள் நிறத்தில் எத்தனையோ குளிசை இருக்கிறது. நிறத்தை வைத்து மருந்து சொல்ல நான் சாத்திரியா? கடிக்குத் தந்தது, நித்திரை வருகிறது, வாய் காய்கிறது என்பதால் குளோர்பெனிரமினாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், அவ்வளவுதான். அதுவென்றால் உங்கள் மறதிக்கான காரணத்தை நீங்களே தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வகைக் குளிசைகள் அசற்றைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. எச்சில் ஊறுவதற்கு அதுதான் வேண்டும், மூளை புதிதாக ஒன்றைப் பதிவதற்கும் அதுதான் வேண்டும். ஆகவே வாய் காய்வதும் பெயர் மறப்பதும் ஒரே கதையின் இரண்டு முனை. மலச்சிக்கலும் இருக்குமே, வெட்கத்தில் எழுதாமல் விட்டிருப்பீர்கள். தடிமனுக்கு இரண்டு நாள் போடுவது வேறு, வருடக்கணக்கில் நித்திரைக்குப் போடுவது வேறு. இதோடு நரம்பு வலிக்கு அமிற்றிப்ரிலினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்.

எனக்குக் கோபம் உங்களில் மட்டும் இல்லை. குளிசையைக் கத்தரித்து ஒரு சின்னக் கடதாசி உறைக்குள் போட்டு, மேலே 'இரவு 1' என்று கிறுக்கித் தருகிறார்களே, பெயர் எங்கே? ஒருமுறை ஒரு ஐயா ஐந்து உறையை என் மேசையில் கொட்டினார். அதில் இரண்டு ஒரே மருந்து, வேறு வேறு இடத்தில் வாங்கியது, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு, பேரனின் பெயர் வருவதில்லை என்று அழுகிறார். காசு கொடுப்பது நீங்கள். பெயரை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள், எழுதும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். என் ஊகத்தை நம்பி இன்றிரவே நிறுத்தவும் வேண்டாம். அது டயஸிபாம் மாதிரி நித்திரைக் குளிசை ஒன்றாக இருந்து, நீண்டகாலம் போட்டதைச் சட்டென்று விட்டால் வலிப்புக்கூட வரும். இருக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டொனிக்கா? வேண்டாம்.

துணுக்காய்: தினமும் வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?

சம்பல் போட்டுச் சாப்பிடுங்கள், சோறு நன்றாக இறங்கும். சோதனைக்கு வல்லாரையை நம்பிப் படிக்காமல் இருக்காதீர்கள்.

முழங்காவில்: அப்பாவுக்கு 74. மூன்று கிழமைக்கு முன் சைக்கிளால் விழுந்து தலையில் சின்ன அடி. ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டோம். நாலு நாளாக மாறிமாறிக் கதைக்கிறார், நடையும் தள்ளாடுகிறது. வயதுபோன மறதிதானே?

இதைக் கடிதத்தில் எழுதி முத்திரை ஒட்டி அனுப்பினீர்களா! வயதுபோன மறதி நாலு நாளில் வராது. வயதானவர்களுக்குச் சின்ன அடியிலும் மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, கிழமைக்கணக்கில் தேங்கி மூளையை அமத்தும். சி.ரி. ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடும், நேரத்துக்குப் பிடித்தால் இரத்தத்தை எடுத்துவிடலாம், பலர் பழையபடி ஆகிவிடுவார்கள். இதைப் படிக்கும்போது இன்னும் கொண்டுபோகவில்லை என்றால் அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள். அஸ்பிரின் மாதிரி ஏதும் போடுகிறாரா என்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். இந்த முறையாவது பெயரோடு.

புதுக்குடியிருப்பு, 44: நாலு பேர் கூடிக் கதைக்கும் இடத்தில் பாதி விளங்குவதில்லை. இடி இடித்தாலோ வெடிச் சத்தம் கேட்டாலோ கொஞ்ச நேரம் நான் இங்கேயே இல்லை. 2009க்குப் பிறகு இப்படித்தான். பிள்ளைகள் "அம்மா திரும்பப் போயிட்டா" என்று சிரிப்பார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இதில் இரண்டு விஷயம் இருக்கலாம். ஒன்று காது. ஷெல் கிட்ட விழுந்தவர்கள் பலருக்குக் கூரிய ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை, தனியாகக் கதைத்தால் சமாளிப்பார்கள், கூட்டத்தில் பாதிச் சொல் நழுவும். கேட்காததை மறதி என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். காது கேட்கும் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். மற்றது, தாங்க முடியாததைப் பார்த்த மனம் அந்தச் சத்தம் திரும்பக் கேட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிப்போகும். அது பைத்தியம் இல்லை, நீங்கள் பலவீனமான ஆளும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு காலையும் நிலத்தில் அழுத்தி, செம்புத் தண்ணீரைக் கையில் பிடித்து, கண்ணுக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், போக மனம் வராவிட்டால் மனநல உதவி இலக்கம் 1926க்குப் போன் எடுத்துக் கதையுங்கள். பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

பரந்தன், ஆசிரியை: ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வகுப்பில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பத்துச் செக்கன் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்கிறது. கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாது. ஒரு நாளில் பல தரம். அடித்தும் பார்த்தோம்.

அடிப்பதை நிறுத்துங்கள். பராக்குப் பார்க்கிற பிள்ளை தொட்டால் திரும்பும். வசனத்தின் நடுவில் அறுந்து, தொட்டும் தெரியாமல் இருப்பது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், விழாமல் துடிக்காமலும் வலிப்பு வரும். போனில் வீடியோ எடுத்துப் பெற்றோரிடம் கொடுங்கள், குழந்தை வைத்தியர் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பார். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

மாங்குளம், 61: பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின். சாப்பாடு மரக்கறி மட்டும்தான். மறதியோடு பாதமும் விறைக்கிறது.

வயது, மருந்து, சாப்பாடு மூன்றும் எழுதியிருக்கிறீர்கள், வாழ்க! அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் விற்றமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெற்போமின் அதைக் குறைக்கும், மரக்கறிச் சாப்பாட்டில் அது கிடைப்பதும் அரிது. மெற்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

(இடம் இல்லை, வயது இல்லை): டொக்டர், போன மாதமும் எழுதினேன், பதில் போடவில்லை. எனக்கு எல்லாம் மறக்கிறது.

போன மாதமும் பெயர், ஊர், வயது ஒன்றுமே எழுதவில்லை. மூன்றாவது கடிதத்தில் எழுதுங்கள்.