சிலம்பப் பயிற்சி தீயணைப்புக்குக் கைகொடுக்குமா?

சிலம்பம் பழகிய தம்பி தீயணைப்புப் பயிற்சிக்குப் போகிறார், இரண்டுக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிறைய உண்டு. முதல் ஒற்றுமை காலில்தான்.

தீயணைப்புக் குழாயைத் திறந்ததும் தண்ணீர் முன்னே பாயும், குழாய் ஆளைப் பின்னே தள்ளும். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். கம்பு பிடிக்கும்போது வாத்தியார் சொல்லிக்கொடுக்கிற நிலையும் ஏறத்தாழ அதுதான்.

அப்புறம் எதிரியின் போக்கு. இலங்கை மலையகத்தில் எல்ல, அப்புத்தளை ஊர்ப் பக்கம் மானாப்புல் என்கிற உயரமான புல் காய்ந்து எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். சுவாலை சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் தீக்கு மேலே நின்று மோதவே கூடாது. எரிந்து முடிந்த கரிப்பக்கமாக வந்து, ஓரத்திலிருந்து பச்சைக் கிளையால் அமுக்கி அமுக்கி நெருக்க வேண்டும். ஓங்கி வீசினால் பொறி பறந்து அடுத்த புல்லில் பற்றும். சிலம்பத்தில் நேரடி வீச்சுக்கு விலகி, பக்கவாட்டில் புகுவதும் இதே கணக்குத்தான்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தீப் பிடித்தால் கதை வேறு. ஒரே கூரை என்பதால் தீ காம்பராவுக்குக் காம்பரா (அறைக்கு அறை) தாவும். உள்ளே புகை மேலே திரளும், தரையோடு தவழ வேண்டும். முதுகிலுள்ள சிலிண்டரில் காற்று அளவோடுதான் இருக்கும். பதறி மூச்சு வாங்கினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூச்சை நிதானமாக விடப் பழகியவருக்கு இங்கே பெரிய அனுகூலம்.

ஒரு பெரிய வித்தியாசத்தையும் தம்பியிடம் சொல்லுங்கள்: சிலம்பத்தில் தனியாக இறங்கலாம், எரிகிற வீட்டுக்குள் குறைந்தது இரண்டு பேராகத்தான் போக வேண்டும்.