ஒரு கேன் தண்ணீரில் திமிங்கலம் தெரியுமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் மாமா வள்ளத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, கேன் கேனாகக் கடல்தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை வைத்தே திமிங்கலம் வந்ததா, ஓங்கல் (டால்பின்) வந்ததா என்று சொல்லிவிடலாமாம். நம்பலாமா?
- உவரி வாசகர்

பதில்: நம்பலாம் தம்பி. திமிங்கலத்துக்குத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். கழிவு, சளி எல்லாம் தண்ணீரில்தான் கலக்கும். அந்தத் துணுக்குகளில் அதன் டி.என்.ஏ. இருக்கிறது. தண்ணீரை நுண்துளைத் தாளில் வடிகட்டி, தாளில் தங்கியதை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எந்த இனம் என்று ஒத்துப் பார்க்கிறார்கள். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர்.தான்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வடிகட்டும்போது கூட இருந்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை வட்டத் தாள். அரை லிட்டர் இறங்குவதற்குள் தாமிரபரணி வண்டல் அடைத்து, தாள் டீக்கறை மாதிரி பழுப்பாகிவிட்டது. வேறு தாள் மாற்றினார்கள். ஒரு பெண்ணின் கையுறை மீன் கிடந்த பலகையில் லேசாக உரசியது. உடனே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினாள். அவ்வளவு சுத்தம் வேண்டும். இல்லையென்றால் வள்ளத்தில் கிடக்கும் மீனும் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பால்டிக் கடலின் மேற்குப் பக்கம் ஓங்கலைப் போன்ற சிறிய பாலூட்டியான கடற்பன்றியைத் தேடினார்கள். அடைப்பில் வளர்த்த இடத்துத் தண்ணீரில் தடம் கிடைத்தது. திறந்த கடலிலோ, தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டதுதான் கூடுதலாகப் பிடித்தது. இருந்தாலும் அந்தப் பக்கம் அரிதாகவே வரும் பைலட் திமிங்கலம் ஒன்றின் தடம் தண்ணீரில் சிக்கியது. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ஓர்கா (கொலையாளித் திமிங்கலம்) கூட்டம் கடந்து போய் 2 மணி நேரம் வரை டி.என்.ஏ. கிடைத்ததாக 2018-ல் எழுதினார்கள்.

பைலட் திமிங்கலம் என்றதும் எனக்கு மணப்பாடுதான் ஞாபகம் வருகிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேல் ஒதுங்கின. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிவிட, சில மறுபடி கரைக்கே திரும்பி வந்ததை நேரில் பார்த்தவன் நான். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கின. 43 வருஷ இடைவெளியில் அந்த இனத்தைப் பற்றி நம் கரை பெரும்பாலும் செத்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டது. உயிரோடு எந்த மாதம், எவ்வளவு தூரத்தில் கடந்து போகின்றன? ஒரே இடத்தில் மாதாமாதம் தண்ணீர் எடுத்தால் அதைத் தெரிந்துகொள்ள வழி பிறக்கும். எனக்கு அதுதான் ஆசை.

இன்னொன்று, முதுகுத் துடுப்பு இல்லாத கடற்பன்றி. அது ஓங்கல் மாதிரி துள்ளிக் காட்டாது, லேசாக முதுகு தெரியும், அப்புறம் காணோம். கண்ணுக்குத் தப்பும் அதற்குத் தண்ணீர்ச் சோதனை ரொம்பப் பயன்படும்.

கேள்வி: ஐயா, எத்தனை திமிங்கலம் என்றும் இதில் தெரியுமா?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: அப்படி எண்ணிச் சொல்ல முடியாது அம்மா. ஒன்று பக்கத்தில் போயிருக்கலாம், பத்து தூரத்தில் போயிருக்கலாம். செத்து மிதப்பதும் டி.என்.ஏ.வை விடும். நீவாடு (கடல் நீரோட்டம்) அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், வெயிலும் நுண்ணுயிரும் அழிக்கும். அதனால்தான் கடலுக்குப் போகிறவர்களின் கண்ணும் வேண்டும். உவரித் தம்பி, அந்தப் பிள்ளைகள் மறுபடி வந்தால் உங்கள் மாமா அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லட்டும்: எந்த இடம், என்ன நேரம், நீவாடு எந்தப் பக்கம், அன்றைக்கு எதைப் பார்த்தார் என்று. தண்ணீரை அணியத்துப் பக்கம் (வள்ளத்தின் முன்பக்கம்) மொள்ளச் சொல்லுங்கள், வலை வடியும் பக்கம் வேண்டாம்.