ஸ்டிக்கரை ஏன் உரித்தீர்கள்?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆறு வருடமாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 40 பேருக்கு மாலையில் கம்ப்யூட்டரும் கோடிங்கும் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்று வருடமாக ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதி வருகிறது. அதில் 20 லேப்டாப் வாங்கினோம், ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளமும் அதிலிருந்துதான். இவர் மட்டும் ஒரு ரூபாய் எடுப்பதில்லை. சேவைக்குச் சம்பளமா என்பார். நான் பிளவுஸ் தைத்துத்தான் வீடு நடக்கிறது. டிரஸ்டில் நான் பொருளாளர். அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் படிப்புக்காக சென்டர் லேப்டாப் ஒன்று ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறது, கம்பெனி ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்துவிட்டோம். மகளிடம் அவர் சரியாகப் பேசியே மாதக்கணக்காகிறது. மார்ச்சோடு நிதி முடிகிறது. புதுப்பிக்க வேண்டும் என்று ராப்பகலாக ப்ரொபோசல் எழுதுகிறார், சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறார். அடுத்த மாதம் கம்பெனி ஆட்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். இவரை வீட்டுப் பக்கம் திருப்ப என்ன வழி?

பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: ஊருக்கு உழைக்கும் கணவர், அவரைத் தேடும் வீடு. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். முன்பெல்லாம் கட்சி, கோயில் கமிட்டி, ரசிகர் மன்றம். இப்போது கோடிங். எழுதுகிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பதும் மாறவில்லை. "உங்கள் பொறுமைக்கு ஒருநாள் பலன் கிடைக்கும், அவரே உணர்ந்து திரும்புவார்" என்று நான் எழுத வேண்டும். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

தேங்காய் எண்ணெய்.

அந்த லேப்டாப் வீட்டில் இருப்பது தப்பில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால் ஸ்டிக்கர் உங்களை என்ன செய்தது? அது பாட்டுக்கு மூடியின் மேல் ஒட்டியிருக்கும். 2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் அப்போதைய முதல்வர் படம் இருந்தது. பிடிக்காத பிள்ளைகள் அதன்மேல் கிரிக்கெட் வீரர் படத்தை ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் சொத்து, என்ன வேண்டுமானாலும் ஒட்டலாம், கிழிக்கலாம். நீங்கள் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, நகத்தால் சுரண்டி, மிச்சப் பிசுக்கைத் துணியால் துடைத்திருக்கிறீர்கள். பத்து நிமிட வேலை அது. அந்தப் பத்து நிமிடமும் கைக்குத் தெரிந்திருக்கிறது, இது நம்முடையதில்லை என்று.

அப்புறம், "எடுத்துவிட்டோம்" என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். யார் யார்? உங்கள் மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளா? இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம், சின்னக் கணக்குதான். 20 லேப்டாப், ஒன்றுக்கு இரண்டு பேர், 40 பிள்ளைகள். இது நீங்களே சொன்னது. ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. மிச்சம் 19. அதில் 38 பேர் உட்காரலாம். அந்த இரண்டு பிள்ளைகள் யார்? ஒரு வருடமாக எங்கே உட்காருகிறார்கள்? நான் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவன் டைப் அடிப்பான், ஒருவன் சொல்லிக்கொடுப்பான், மூன்றாவது பிள்ளை எட்டிப் பார்க்கும். மூன்றாவதாக இருப்பது பெரும்பாலும் பெண்பிள்ளை. கீபோர்டில் கை படாமலேயே அவளுக்கு வருடம் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் அவளும் "பயன்பெற்றவர்". அவள் வீட்டில் தைக்கத் தெரிந்த அம்மாகூட இருக்கமாட்டாள். உங்கள் மகள் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. தனியார் பள்ளி என்று ஊகிக்கிறேன். தவறென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"கம்பெனியிடம் இல்லாத பணமா, ஒரு லேப்டாப்பில் என்ன குறைந்துவிடும்" என்று யாராவது உங்களைத் தேற்றியிருப்பார்கள். அது கம்பெனி மனமிரங்கிப் போட்ட பிச்சை இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடியோ விற்றுமுதல் 1000 கோடியோ நிகர லாபம் 5 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஊருக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்பெனியின் பையிலிருந்து சட்டம் பிரித்து எடுத்து, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று வைத்த பங்கு அது. 2021இல் விதிகளைத் திருத்தியபோது இன்னொன்றும் தெளிவாகச் சொன்னார்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து, பதிவுபெற்ற அறக்கட்டளை மாதிரியான அமைப்பிடமோ, பயனாளிகளின் குழுவிடமோ, அரசு அமைப்பிடமோதான் இருக்க வேண்டும். பொருளாளர் வீட்டுப் படிப்பு மேஜை அந்தப் பட்டியலில் இல்லை.

என் அத்தை சுயஉதவிக் குழுவில் பணப் பொறுப்பு பார்த்தவள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். குழுப் பணம் ஒரு டப்பாவில், வீட்டுப் பணம் ஒரு டப்பாவில். பால்காரருக்குப் பத்து ரூபாய் சில்லறை இல்லாத காலையில்கூட குழு டப்பாவைத் திறக்கமாட்டாள். "நாளைக்குப் போட்டுவிட்டால் போச்சு" என்று மாமா சொன்னால், "நாளைக்குப் போடுவேன், நாளைய மறுநாள் மறப்பேன்" என்பாள். சிவன் சொத்து குல நாசம் என்று பெரியவர்கள் சொன்னதை சாமி குத்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பொதுச் சொத்து வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். குலம் கெடுவது அங்கேதான்.

இனி அந்தக் கையெழுத்து. "அவர் காட்டும் இடத்தில் போடுவேன், அவ்வளவுதான்" என்று பணிவாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பணிவாகத் தெரியவில்லை, சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. கோபப்படுங்கள், பரவாயில்லை. பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது கஸ்டமர் காட்டும் இடத்திலா கத்தரிக்கோல் வைக்கிறீர்கள்? பொருளாளராக நீங்கள் போடும் செலவுச் சான்றை நம்பித்தான், கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று அந்தக் கம்பெனியின் நிதித் தலைமை அதிகாரி தன் போர்டுக்குச் சான்று கொடுக்க வேண்டியிருக்கிறது. விதியே அப்படி. எங்கேயோ பெங்களூரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் உங்கள் கையெழுத்தின்மேல் தன் கையெழுத்தைப் போடுகிறார். 20 லேப்டாப் சென்டரில் இருப்பதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், படிக்காமலே.

சரி, உங்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. இந்தக் கதையின் ஆரம்பம் உங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. சேவைக்குச் சம்பளமா என்று கேட்கிறாரே, அந்தப் பெருமைதான் உங்கள் வீட்டில் ஸ்டிக்கர் உரித்தது. வேலை செய்கிறவர் நேராகக் கூலி வாங்காவிட்டால் அந்த வீட்டுத் தேவை நேராக நிற்காது, கொல்லைப்புறமாக வரும். முதலில் சென்டர் பேப்பர் பண்டல், அப்புறம் சென்டர் பைக்கில் பெட்ரோல், அப்புறம் மகளுக்கு லேப்டாப். யாரும் திருடவேண்டும் என்று கிளம்புவதில்லை.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். வேலையை எடுத்துச் செய்ய, ஓர் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளோடு அதே துறையில் குறைந்தது மூன்று வருட அனுபவமும் கேட்கிறது சட்டம். அப்படியென்றால் அந்த முதல் மூன்று வருடம் சென்டரையும் உங்கள் அடுப்பையும் சேர்த்து யார் ஓட்டியது? உங்கள் தையல் மெஷின். இன்றைக்கும் அவர் சம்பளம் வாங்காமல் இருக்க முடிகிறதென்றால் நீங்கள் தைப்பதால் முடிகிறது. சுவரில் கம்பெனி பெயர் போட்ட போர்டு மாட்டியிருப்பார். அந்த டிரஸ்டுக்கு அதிகம் கொடுத்தவர் நீங்கள், உங்களை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். தன் உழைப்பைத் தானம் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு. மனைவியின் உழைப்பைத் தானம் செய்துவிட்டுத் தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொள்ள உரிமை கிடையாது. பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடுவது முதல் கடமை, ஊர் அதற்கு அப்புறம்தான். இதில் எனக்குப் பழைய காலத்துப் புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதே, அதில் என் சம்பளம் எப்படி வரும்" என்று அவர் கேட்கலாம். நிறைய டிரஸ்ட்காரர்கள் இந்த 5 சதவீதத்தைத் தங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். அந்த வரம்பு, கம்பெனி தன் அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நடத்துகிறவரின் சம்பளம் திட்டச் செலவு. எவ்வளவு ஒப்புக்கொள்வது என்பது கம்பெனியோடு பேசி முடிக்க வேண்டியது, சில கம்பெனிகள் கறாராகத்தான் பேரம் பேசும். டிரஸ்டியாக இருந்தாலும் செய்யும் வேலைக்கு நியாயமான ஊதியம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கவில்லை. நியாயத்தைத் தாண்டிப் போவதைத்தான் தடுக்கிறது. டிரஸ்ட் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இப்போது எழுதுகிற ப்ரொபோசலில் "ஒருங்கிணைப்பாளர் ஊதியம்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை, பட்டப்பகலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அந்த வரி இல்லாமல் ப்ரொபோசல் போகிறதென்றால் பொருளாளர் கையெழுத்து கிடையாது. உங்களிடம் ஆயுதமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.

புதுப்பித்துவிட்டால் அவர் வீடு திரும்புவார் என்ற கனவும் வேண்டாம். தொடர் திட்டம் என்று சட்டம் ஏற்பதே, தொடங்கிய ஆண்டைத் தள்ளி மூன்று ஆண்டுகள்தான். அப்புறம் மறுபடியும் ப்ரொபோசல், மறுபடியும் பெங்களூர் பஸ். இந்த ஓட்டத்துக்கு முடிவு கிடையாது. அவர் திரும்பட்டும் என்று வாசலைப் பார்த்து உட்காராமல் நீங்கள் சென்டருக்குப் போங்கள். டிரஸ்டி கூட்டம் கூட்டுங்கள், நீங்களும் டிரஸ்டிதானே. ஸ்டாக் ரிஜிஸ்டரை நீங்களே எண்ணிச் சரிபாருங்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஒரு லேப்டாப் பொருளாளர் வீட்டில் இருந்தது, திரும்ப ஒப்படைக்கப்பட்டது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

கம்பெனி ஆட்கள் வரும்போது அந்தப் பக்கத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். டீ கொடுத்த கையோடு நீங்களே எடுத்துக் காட்டுங்கள். நிதி நின்றுபோகுமா? போகலாம். வந்த ஆளைப் பொறுத்தது. நின்றுபோனால் 40 பிள்ளைகளுக்கும் நஷ்டம், அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் மறைத்துப் புதுப்பித்தால் அடுத்த மூன்று வருடமும் நீங்கள் அந்த எண்ணெய்க் கையோடுதான் சான்றுகளில் கையெழுத்துப் போட வேண்டும்.

மகள் விஷயம். லேப்டாப் ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறது, அப்பா அவளிடம் பேசி மாதக்கணக்காகிறது. இரண்டையும் நீங்களே அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுக்கிற மனிதருக்கு, சுரண்டின லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் சொந்த மகளிடம் பேச வாய் வருமா? என் ஊகம்தான், அவரிடமே கேளுங்கள். அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தாருங்கள், தவணையில் ஆனாலும் சரி. அவர் சம்பளத்தின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அதுவரை அவள் சாயங்காலம் சென்டருக்குப் போகட்டும், படிக்க இல்லை, அந்த மூன்றாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க. ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பழகியிருக்கிறாளே. அப்பாவும் அங்கேதான் இருப்பார்.

லேப்டாப்பை இந்த வாரமே கொண்டுபோய் வையுங்கள். நீங்களும் மகளும் சேர்ந்து போங்கள், ராத்திரியில் வேண்டாம், வகுப்பு நடக்கும் நேரத்தில். புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி மறைக்கவும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருக்கட்டும். சார்ஜரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.